சின்னவளின் வலது கை

எங்கள் தெருவில் ஒரு பசுவுக்கு வலி கண்டுவிட்டால் போதும், கூடி நிற்கிறவர்களில் யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவாள்: "சின்னவ மட்டும் இப்ப இருந்திருந்தா..." மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அவள் மகளோடு ஓசூர் பக்கம் போய் மூன்று வருடம் ஆகிறது. ஊரிலேயே இல்லாத ஒருத்திக்கு இத்தனை பேச்சா என்று எனக்கு வயிறு எரியும். எரிவதை மறைத்துக்கொண்டு நானும் "ஆமாமா" என்பேன். சொல்லிச் சொல்லித் தலை தானாகவே ஆடப் பழகிவிட்டது.

சின்னவள் என்பது அவள் பெயரில்லை. என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் மூத்த மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் கழித்து வந்தவள். மாமியார் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிட, ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் பெரியவள் என்ற பெயர் எனக்கு ஒட்டவே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. அவளைத் தேடித் திருக்காட்டுப்பள்ளியிலிருந்துகூட ஆள் வந்திருக்கிறது. வந்தவர் "சின்னவ வீடு எதுங்க?" என்று கேட்டது என் வாசலில். கை நீட்டிக் காட்டியது நான்.

எல்லாப் பேச்சும் அவளுடைய வலது கையைப் பற்றித்தான். பார்த்தால் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒடுங்கின, சின்னக் கை. நடவு நட்டு நட்டு விரலிடுக்கில் சேற்றுப்புண், கதிர் அறுக்கும்போது வாங்கின வெட்டுத் தழும்புகள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்டாலோ, கால் மடங்கிவிட்டாலோ, கன்று போட்ட பிறகு நஞ்சுக்கொடி விழாமல் நின்றுவிட்டாலோ, மாட்டு டாக்டர் வருவதற்குள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கைக்கு மேல்வரை தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை உள்ளே விடுவாள். "பாத்துப் பண்ணுடி" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "உள்ள போன கைக்குக் கண்ணு எதுக்குக்கா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்ன எதற்காவது அந்தத் தெரு அப்படிச் சிரித்திருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான். அவள் எட்டாவதோடு நின்றவள்.

அந்தக் கையால்தான் அவளுக்கு நோய் வந்தது. என் மாட்டிலிருந்து வந்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் வளையல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கையை உள்ளே விடுவதற்கு முன்னால் வலது கையிலிருக்கிற கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். பச்சையும் சிவப்புமாக ஏழெட்டு இருக்கும். கட்டுக்கழுத்தி கழற்றின வளையலைத் தரையில் வைக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். முதுகுக்குப் பின்னால் நீட்டுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். "அக்கா, புடி" என்பாள். என் கை அங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருக்கும்தான். யார் வீட்டுக் கொட்டகையானாலும் நானும் பின்னாலேயே போய் நின்றுவிடுவேன். அவளுக்குப் பெயர் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது, பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. நான் என்ன வளையல் மாட்டுகிற ஆணியா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே பிடித்திருப்பேன். அவள் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் அந்த வளையல்களில் இருக்கும்.

அதற்காக அவளை அம்மன் ஆக்கிவிட வேண்டாம். அவளிடமும் சங்கதி உண்டு. கன்று வந்து வைக்கோலில் விழுந்ததும், கையைக் கழுவுவதற்கு முன்னால், சுற்றி ஒரு பார்வை பார்ப்பாள். யார் யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். அதோடு எதிலும் கையை விடுவாள். என் அடுப்பில் குழம்பு கொதித்தால் கேட்காமல் மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். "யாரக் கேட்டுடி போட்ட?" என்றால், "கம்மியா இருந்துச்சுக்கா" என்பாள். அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்பார்.

மாமியார் கடைசி நாட்களில் யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. யார் ஊட்டினாலும் என்று சொல்வது நாகரிகத்துக்கு. நான் ஊட்டினால் திறக்கவில்லை. அவள் வயலிலிருந்து வந்து, கையைக் கழுவி, கஞ்சியை இரண்டு விரலால் எடுத்து உதட்டில் தொட்டால் உள்ளே போனது. நான் வெள்ளிக் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றேன்.

பாகம் பிரித்தபோது அந்த மாமியார் ஒரே பசுவின் இரண்டு கிடேரிக் கன்றுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். மூத்தவள் என்பதால் முதலில் எடுத்துக்கொள்கிற பாத்தியதை எனக்கு. கொழுகொழுவென்று இருந்ததை நான் எடுத்தேன். அவளுக்கு நோஞ்சான் விழுந்தது. என்னுடையது இரண்டாவது ஈற்றோடு நின்றுபோனது. நோஞ்சான் ஐந்து ஈற்று ஈன்றது, நான்கு கிடேரி. போதாததற்கு என் மாடு எனக்குப் பால் சுரக்காது. மடியைக் கழுவி, தவிடு வைத்து, தடவிக் கொடுத்து நான் உட்கார்ந்திருப்பேன். அவள் அந்தப் பக்கமாகப் போகிறபோது முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள், சுரந்துவிடும். தீனி போடுவது நான், சுரப்பது அவளுக்கு.

அந்த எரிச்சலில்தான் ஜெர்சி மாடு வாங்கினேன். திருவையாறு பக்கம் ஒரு புரோக்கர் காட்டினார். ஐந்து மாதச் சினை என்றார். என் வீட்டுக்காரர், "சின்னவள ஒருதடவ அழச்சிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்கலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்றைக்கே வாங்கிக் கட்டினேன். தெருவே வந்து பார்த்தது. அவளும் வந்தாள். வயிற்றில் கை வைக்கப் போனவளை, "புது மாடு, உதைக்கும்" என்று தடுத்துவிட்டேன். இந்த மாட்டையாவது அவள் தொடாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதத்தில் அது கன்றை வீசிவிட்டது. உடம்பில் முடி சரியாக முளைக்கவில்லை, உயிரும் இல்லை. அப்போது என் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று மூன்று நாளாக அங்கேயே காவல் கிடந்தார். நான் கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியால் தள்ளித் தள்ளிப் பின்கொல்லையில் புதைத்தேன். போன் செய்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர் பத்து நாள் கழித்து, நான் தனியாக இருந்த நேரத்தில் வந்து சொன்னார்.

"இது கன்று வீச்சு நோய்ம்மா. மாட்டுகிட்டேருந்து மனுசனுக்கும் ஒட்டும். அடுத்த ஈத்துல கன்னு உயிரோட வந்தாலும் கிருமி இருக்கும். பால நல்லா காய்ச்சிக் குடிங்க. கன்னு போடறப்பவும் நஞ்சுக்கொடி எடுக்கறப்பவும் யாரும் வெறுங்கையால தொடக்கூடாது. அக்கம்பக்கத்துல சொல்லி வைங்க."

தோள்வரை போடுகிற நீளக் கையுறை ஒரு ஜோடியும் கொடுத்தார். அதைக் கொட்டகைப் பரணில் சொருகி வைத்தேன். அக்கம்பக்கத்தில் நான் சொன்னது வேறு. வாய்க்காலில் கால் வழுக்கி விழுந்து கன்றை வீசிவிட்டது என்றேன். என் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்கின மாடு நோய் மாடு என்று எந்த வாயால் சொல்வது? அவள் வந்து அரை மணி நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். "கண்ணு பட்டுருச்சுக்கா. நாங்கதான் கூட்டமா வந்து பாத்துட்டோம்" என்று வருத்தப்பட்டாள். உப்பும் மிளகாயும் எடுத்து மாட்டுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். என் பொய்க்குத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள்.

அதே மாடு மறுபடி சினை பிடித்து, அடுத்த வருடம் நிறை மாதத்தில், ஒரு விடியற்காலையில் உயிரோடு காளைக்கன்று போட்டது. மத்தியானம் தாண்டியும் நஞ்சுக்கொடி விழவில்லை. பாதி வெளியே தொங்கிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் எங்கோ முகாமில் இருந்தார், போனை எடுக்கவில்லை. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்: "யாராவது போயி சின்னவளக் கூட்டியாங்கப்பா."

குறுவை நடவு வயலிலிருந்து அப்படியே வந்தாள். விரலிடுக்கெல்லாம் புண் வெளுத்துப் பிளந்திருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு வளையல்களைக் கழற்றினாள். "அக்கா, புடி."

பிடித்துக்கொண்டேன். பரண் என் தலைக்கு நேர் மேலே இருந்தது. கையை உயர்த்தினால் கையுறை எட்டும். "இருடி" என்று ஒரு சொல் போதும். சொன்னால் இத்தனை பேர் முன்னால் என் மாடு நோய் மாடாகிவிடும், என் வாய் பொய் வாயாகிவிடும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவளைக் கண்டதும் அந்த மாடு கழுத்தைத் திருப்பி அவள் தோளை நக்கியது. என் மாடு, அவள் தொடக்கூடாதென்று நான் வாங்கின மாடு. அப்போது எனக்குள் ஒன்று சொன்னது: இந்தக் கை ஒரு தடவையாவது தோற்கட்டும். நோய் வரட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. தோற்கட்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கை தோற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பிடியாக விடுவித்து, முழுசாக எடுத்துவிட்டாள். வழக்கம்போலச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் நஞ்சுக்கொடியை நாய் தின்றால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் உயரக் கட்டுவது வழக்கம். மரத்தில் பால் ஊறுகிற மாதிரி மடியிலும் ஊறும் என்று நம்பிக்கை. அந்த வேலையையும் யாரும் கேட்காமல் அவளே எடுத்துக்கொண்டாள். வைக்கோல் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். சொட்டுச் சொட்டாக அவள் புடவை நனைந்தது. வாய்க்கால் கரை ஆலமரம்வரை நானும் வளையல்களோடு பின்னால் போனேன். அந்த வழி முழுக்க எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கிளையில் கட்டி முடித்துவிட்டு, "ஒன் மாடு இனிமே குடம் குடமா கறக்கும் பாருக்கா" என்றாள். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வளையலுக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. சாயங்காலமானால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் டைபாய்டு என்றார்கள். ஊசி போட்டதும் அடங்கி, பத்து நாளில் திரும்பி வந்தது. சிக்குன்குனியா என்றார்கள். அப்புறம் டி.பி.யாக இருக்குமோ என்றார்கள். காய்ச்சல் விட்டால் எழுந்து வயலுக்குப் போவாள், நாலு நாளில் மறுபடி விழுவாள். வியர்வையில் பாய் நனைந்துபோகும். பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சம்பா நடவுக்கு அவளால் வயலில் இறங்க முடியவில்லை. வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின.

அப்போதும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் காறித் துப்புவீர்கள். வந்ததே. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அவளுக்கு மிளகு ரசமும் கஞ்சியும் போனது. என் கொழுந்தன் அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார வைப்பான். நான் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வந்தபோது என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி "ஏறு" என்றார். அவள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள், நான் அவளை யார் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காய்ச்சல் என்று கேட்ட முதல் வாரமே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன். இன்றைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டியதை அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று கொழுந்தன் என்னைத்தான் கூப்பிட்டான். முதுகு ஸ்கேனுக்காக அவள் உடம்பில் இருந்ததையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வளையல்களை உருவிப் பக்கவாட்டில் நீட்டினாள். குரலே எழவில்லை. "அக்கா, புடி." உருவுவதற்குச் சிரமமே படவில்லை, தானாகக் கழன்று வந்தன.

ஸ்கேன் முடிந்து வார்டுக்கு வந்ததும் ஒரு டாக்டரம்மா படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார்.

"மாடு வளக்கிறீங்களா?"

"ஆமாங்க. ஏழு உருப்படி இருக்குங்க."

"அதுல கன்னு வீசின மாடு ஏதாவது இருக்கா? நீங்க கையால தொட்ட மாடு?"

சின்னவள் யோசித்தாள். "எங்க மாட்டுல இல்லீங்க. எங்க அக்கா மாடு ஒண்ணு வீசுச்சு. ஆனா அது நோயில்லீங்க. வாய்க்கால்ல வழுக்கி விழுந்துருச்சு, பாவம்."

என் பொய்யை எனக்காக அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, நீயும் சொல்லேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா நோட்டை மூடப் போனார்.

"அது விழலீங்க" என்றேன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி சொன்னேன். "வாய்க்கால்ல விழலீங்க டாக்டர். அது நோய்தான். ரத்தம் எடுத்துப் பாத்து மாட்டு டாக்டர் சொன்னாரு. வெறுங்கையால தொடக்கூடாதுன்னு சொன்னாரு. கையுறைகூடக் குடுத்தாரு."

"எப்ப சொன்னாரு?"

"இவ நஞ்சுக்கொடி எடுக்கறதுக்கு ஒரு வருசம் முன்னாடி."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா முதுகெலும்புவரைக்கும் போயிருக்காதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த ரத்தப் பரிசோதனை என்று நர்ஸிடம் எழுதிக் கொடுத்தார். கொழுந்தன் "அண்ணி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். சின்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.

"வளையலக் குடுங்க."

பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். கொடுத்தேன். அவளே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். நர்ஸ் உதவ வந்தபோதும் வேண்டாம் என்றாள்.

நோய் அதுதான் என்று ரத்தத்தில் உறுதியானது. தினமும் ஊசி, மாதக்கணக்கில் மாத்திரை. பிழைத்துவிட்டாள். ஆனால் குனிந்து நாற்று நடுகிற இடுப்பு திரும்பி வரவில்லை. அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். என் மாட்டைப் பின்கொல்லையில் தனியாகக் கட்டி, பாலை யாருக்கும் கொடுக்காமல், சினைக்கு விடாமல், சாகிறவரை தீனி போட்டேன். எங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. தொட்டிருந்தால்தானே வரும்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள், தெருவில் நிறுத்திக் கேட்பாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். ஒரு நாள் அவள் வாசலிலேயே போய் நின்று, "நாந்தாண்டி பாவி" என்று அழுதேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "உக்காருங்கக்கா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். காபியை டம்ளரில் ஆற்றிக் கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி. என் சமையலறைக்குள் அதற்குப் பிறகு அவள் வரவில்லை. என் குழம்பில் உப்புக் குறைந்தது குறைந்தபடியே இருந்தது.

அவள் ஊரை விட்டுப் போகிறதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரம், மூன்றாவது வீட்டில் தலையீற்றுக் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது. மாட்டு டாக்டர் வந்திருந்தார். அவர் கை பெரிய கை, உள்ளே போகவில்லை. அவரே சின்னவளைக் கூட்டிவரச் சொன்னார். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, மெல்ல நடந்து வந்தாள். நானும் வழக்கம்போலப் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். டாக்டர் நீளக் கையுறையைப் பிரித்துக் கொடுத்தார். அதைத் தொடையில் வைத்துக்கொண்டு வளையல்களைக் கழற்றினாள்.

என் கை தானாக நீண்டது. யோசித்து நீட்டவில்லை. இத்தனை வருடப் பழக்கம்.

முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். நீட்டின என் கையைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில், அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டே மாதமான ஒரு பெண் நின்றிருந்தாள். "இந்தாம்மா, இதப் புடி" என்று வளையல்களை அவள் கையில் வைத்தாள். என்னிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, காத்து வரட்டும்" என்றாள்.

தள்ளி நின்றேன். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்று வந்தது, எல்லாரும் சத்தம் போட்டார்கள். காளையா கிடேரியா என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்தப் புதுப்பெண்ணின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வளையல்களை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள், புடவைத் தலைப்பில் போட்டாள், மறுபடி எடுத்தாள், எதையும் கவனிக்காமல் கன்றையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு. அதில் இருக்கிற சூடு கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.